ஜெனோவாவில் வைத்த பூ

சஜிதா ஈரப் பஞ்சால் அம்மாவின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, இரண்டு நாளாகக் கண் திறக்காமல் கிடந்த சத்தியபாய் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அப்பா எங்க?"

"நெய்யூருக்குப் போயிருக்காரு. வலிக்குள்ள மருந்து தீந்து போச்சுல்லா."

"கதவச் சாத்து மக்கா."

காலை ஒன்பது மணி இருக்கும். கருங்கல் சந்தைக்கு வாழைக்குலை ஏற்றிப்போகும் வண்டிகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சஜிதா கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கல்லு நம்ம ஆன்ஸ்லினுக்க கல்லு இல்ல, என்ன?"

சஜிதாவின் கையிலிருந்த பஞ்சு சொட்டிக்கொண்டிருந்தது. அதைக் கிண்ணத்தில் போடத் தோன்றவில்லை.

இத்தாலிக்குப் போய்த் திரும்பி அன்றோடு பதினாறு நாள். சஜிதா பிறந்ததே ஜெனோவாவில்தான். அம்மா அங்கே வீடுகளில் தங்கிக் கிழவிகளைப் பார்த்துக்கொண்டாள். அப்பா ஜான்ரோஸ் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஓட்டலில் சமையல். தம்பி ஆன்ஸ்லின் பிறந்து பதினோரு நாள்தான் இருந்தான். அவனை மலைச்சரிவில் இருந்த கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தபோது சஜிதாவுக்கு ஏழு வயது. மூன்று வருடம் கழித்து ஊருக்கே வந்துவிட்டார்கள்.

அதன்பிறகு சர்க்கரை அம்மாவின் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, பார்வை முழுக்கப் போனது. இந்த வருடம் வயிற்றில் கட்டி. இன்னும் மூன்று மாதம் என்று டாக்டர் சொன்ன அன்று, காரில் வரும்போதே சத்தியபாய் சொன்னாள். "பிள்ளைய ஒருக்கா பாத்திட்டு வந்திருவோம்." அம்மா அந்த வாரம் மூன்று தடவை கேட்டாள். நான்காவது தடவை அவர் சரி என்றார்.

ஜெனோவாவில் அந்தக் கல்லறைத் தோட்டத்து வாசலில் அப்பா சஜிதாவைப் பூ வாங்க அனுப்பினார். அவள் வெள்ளைப் பூங்கொத்தோடு மேலே ஏறியபோது, சக்கர நாற்காலி ஒரு சின்னக் கல்லுக்கு முன்னால் நின்றிருந்தது. அம்மா குனிந்து கல்லைத் தடவிக்கொண்டிருந்தாள். சஜிதா பேரை வாசித்தாள். வேறு பேர். வேறு வருடம். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை லேசாக ஆட்டினார், சொல்லாதே என்பதுபோல். அம்மா பூவை வாங்கி வைத்து ஜெபம் பண்ணினாள். "நல்லா வச்சிருக்காவ" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் சஜிதா தனியாகப் போய் அங்கிருந்த அலுவலகத்தில் கேட்டாள். பத்து வருடம் முடிந்தால் குழியைத் தோண்டி எலும்பை எடுத்துவிடுவது அங்கே வழக்கம். முன்கூட்டியே இந்தியாவுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறோம், யாரும் வரவில்லை என்றார்கள்.

"எப்படிம்மா தெரிஞ்சுது?"

"கல்லுல பீங்கான் படம் ஒண்ணு பதிச்சிருந்துது. கை பட்டுது. நம்ம பிள்ளைக்கு எங்க படம்? ஒரு போட்டோ எடுக்கல்லியே." சத்தியபாய் மூச்சு வாங்கினாள். "எவளோ பெத்த பிள்ள. அதுக்கும் ஒரு அம்ம உண்டுல்லா. அதான் பூ வச்சேன்."

சஜிதா பஞ்சைக் கிண்ணத்தில் போட்டாள்.

"நம்ம பிள்ளைய எங்க கொண்டு போட்டாவ? ஒனக்குத் தெரியுமா?"

"எல்லாரையும் சேத்து வைக்கிய ஒரு அறை உண்டு அம்மா. அங்க."

"நெறையப் பேரா?"

"நெறையப் பேரு."

சத்தியபாய் சஜிதாவின் கையைத் தடவிப் பிடித்தாள். "அப்போ தனியா இல்ல" என்றாள். பிறகு, "அப்பாட்ட சொல்லாண்டாம் மக்கா. அந்த மேட்டுல என்னைய வச்சுத் தள்ளிட்டுப் போனாரு. நான் அறிஞ்சேன்னு தெரிஞ்சா அந்த மனுசன் தாங்கமாட்டாரு."

ஜான்ரோஸ் மருந்தோடு வந்தபோது பத்தரை ஆகிவிட்டது. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது, மூச்சு இரைத்தது.

"வெயில்ல நடந்தா வந்தீங்க?" என்று கேட்டாள் சத்தியபாய்.

"பஸ்ஸு கிடைச்சுது. நீ பேசாத, கெட."

அவள் அப்புறம் பேசவில்லை. மதியம் பன்னிரண்டரைக்கு மூச்சு நின்றது. அவளுடைய பாதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த ஜான்ரோஸுக்கு அது உடனே தெரியவில்லை. சஜிதாதான் சொன்னாள்.

மறுநாள் மூன்று மணிக்கு அடக்கம். முற்றத்துப் பந்தலில் ஜனம் நிறைந்திருந்தது. பெட்டியைச் சுற்றிப் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஜான்ரோஸ் காலையிலிருந்து பெட்டிப் பக்கம் போகவேயில்லை. சபைப் போதகரான ஐயர் வந்துவிட்டார் என்று யாரோ சொல்ல, சஜிதா அப்பாவைத் தேடிக்கொண்டு பின்பக்கம் போனாள். அடுக்களைக்கு வெளியே குழாயடியில் நின்றிருந்தார்.

"அப்பா, ஜெபம் தொடங்கப் போறாவ. வாங்க."

"நீ கல்ல வாசிச்ச இல்லியா?"

"வாசிச்சேன்."

"லெட்டர் வந்துது மக்கா. அவளுக்கு அப்போ கண்ணு ஆப்பரேசன் கழிஞ்ச நேரம். பொறவு சொல்லலாம்னு அலமாரியில வச்சேன். பொறவு சொல்ல முடியல்ல. தேதியும் கழிஞ்சுது." அவர் குழாயைப் பிடித்துக்கொண்டார். "சொல்லியிருந்தா அவ என்னைய ஏசியிருப்பா. பத்து நாளு பேசாம இருந்திருப்பா. அவ்வளவுதானே? கடைசி வரைக்கும் ஏமாத்தி அனுப்பிட்டேனே."

பந்தலில் பாட்டு நின்றது. ஐயரின் குரல் கேட்டது. அம்மா சொல்லாண்டாம் என்றபோது சஜிதா அவளுடைய கையை அழுத்தியிருந்தாள். சொல்ல மாட்டேன் என்று வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் அழுத்தியிருந்தாள். அப்பா குழாயை விடாமல் பிடித்திருப்பதைப் பார்த்தாள்.

"அம்மைக்குத் தெரியும் அப்பா."

அவர் திரும்பினார்.

"அங்கயே தெரிஞ்சிருக்கு. கல்லுல படம் இருந்துதுல்லா, அதத் தொட்டுப் பாத்து. அந்தப் பிள்ளைக்கும் ஒரு அம்ம உண்டுல்லான்னுதான் பூ வச்சாளாம். ஒங்கட்ட சொல்லாண்டாம்னு சொன்னா."

"ஏசல்லியா?"

"இல்ல."

"ஒண்ணும் சொல்லல்லியா?"

"மேட்டுல தள்ளிட்டுப் போனத சொன்னா."

ஜான்ரோஸ் குழாயைத் திறந்தார். முகத்தைக் கழுவினார். மறுபடி கழுவினார். தண்ணீர் சட்டைக் கைக்குள் வழிந்தது. நிறுத்தாமல் கழுவிக்கொண்டே இருந்தார். கடைசியில் சஜிதாதான் குழாயை மூடினாள். பிறகு இருவரும் முற்றத்துக்கு வந்தார்கள்.

சபைக் கல்லறைத் தோட்டம் பக்கத்தில்தான். குழிக்குள் பெட்டியை இறக்கினார்கள். ஜனம் வரிசையாக வந்து ஆளுக்கொரு பிடி மண் போட்டது. ஜான்ரோஸும் போட்டார். ஐயர் ஆசீர்வாதம் சொல்லி முடித்ததும் கூட்டம் கலைந்து ரோட்டுக்கு இறங்கியது. இரண்டு பேர் மண்வெட்டியோடு குழியருகே வந்தார்கள்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றார் ஜான்ரோஸ்.

அவர்கள் நின்றார்கள். அவர் குழியைப் பார்த்தபடி நின்றார். தூறல் விழத் தொடங்கியது. குவித்திருந்த செம்மண்ணில் சிறுசிறு புள்ளிகள் விழுந்து, பிறகு அது முழுக்க நிறம் மாறியது. ஒருவன் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டான். மற்றவன் மண்வெட்டிப் பிடியில் மோவாயை ஊன்றினான். இருவரும் காத்து நின்றார்கள்.