படிக்க வசதியான பக்கம்

"என்னை நிரந்தரம் பண்ணுங்க சார்."

கேட்டே விட்டாள். சலவைக்கடையில் துணி தேய்த்து அவளைப் படிக்க வைத்த அம்மா, வேலைக்குக் கிளம்பிய முதல் நாளே வாசலில் நிறுத்திச் சொல்லியிருந்தாள்: பெரியவங்ககிட்ட எனக்கு இதைக் குடுங்கன்னு மட்டும் வாய் திறந்துடாதே, உழைப்பைப் பார்த்து அவங்களா குடுப்பாங்க. இவளும் இலவு காத்த கிளியாகக் காத்திருந்தாள். கூடச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் நிரந்தர ஆணை வந்துவிட்டது. இவளுக்குக் காரணம்கூட வரவில்லை.

அந்தச் செய்தித் தளத்தில் அவளுக்கு வீடியோ எடுக்கும் வேலை. பக்கத்தின் மேலே நாலு வரி எழுதுவாள். கீழே வீடியோவைப் பதிப்பாள். அந்த நாலு வரிக்கு ஆகிற நேரம் ஒரு கொட்டாவி. வீடியோவுக்குத்தான் வெயிலும் மழையும் முதுகுவலியும்.

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரையும் கடிந்து பேசாத மனிதர். எரிச்சலே அதுதான், சண்டை போடக்கூடப் பிடி கிடைக்காது.

"உனக்கு நல்ல கண்ணு இருக்கும்மா. ஆனா எதையும் முடிக்க மாட்டேங்கிறே."

எதை முடிக்கவில்லை என்று கேட்டாள். திரையை அவள் பக்கம் திருப்பினார். போன வாரம் அவள் போட்ட செய்தி. அழுத்து இயந்திரத்தில் இரண்டு விரல்களை இழந்த, காது கேளாத தொழிலாளிப் பெண்ணைப் பற்றியது. நாலாவது வரி, 'இனி அவரே சொல்கிறார்.' அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

"அவரே சொல்கிறார்னு எழுதியிருக்கே. எங்கம்மா சொல்றாங்க?"

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிறகுதான் முகவரிப் பட்டையின் ஓரத்தில் அந்தச் சின்னப் பொத்தான் நிறம் மாறியிருப்பது கண்ணில் பட்டது. ரீடர் மோட். விளம்பரம் துள்ளினால் ஆசிரியருக்குத் தலைவலி வரும். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதல் வேலையாக அதை அமுக்கிவிடுவார், எழுத்து மட்டும் சுத்தமாக நிற்கும். எழுத்துக்குச் செய்யும் மரியாதை என்று அதற்கு விளக்கம் வேறு. அந்தப் பொத்தான் குப்பையோடு வீடியோவையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளிவிடும் என்பது, எழுத்தை நம்பிப் பிழைக்கிற அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. இவளுக்கும்தான்.

ஆக, இத்தனை நாளும் அவர் பார்த்தது அந்தக் கொட்டாவியை மட்டும். உறையைப் படித்துவிட்டுக் கடிதம் சரியில்லை என்கிற கதை.

"வீடியோ இருக்கு சார். உங்க பொத்தான்தான் காட்டலை."

எட்டிப் பொத்தானை விடுவித்தாள். செருப்பு, கடன், முகப்பூச்சு என்று விளம்பரங்கள் குதித்து வந்தன. நடுவே அந்தப் பெண். மிச்சமிருந்த விரல்களால் பேசிக்கொண்டிருந்தாள். அவள் சொல்வது அடியில் எழுத்தாக ஓடியது: மெஷினை நிறுத்துற பொத்தான் கெட்டுப்போச்சு. கையாலதான் சொன்னேன். மேஸ்திரி திரும்பிக்கூடப்...

ஒரு விளம்பரம் துள்ளியது. ஆசிரியர் முகம் சுளித்தார். அவர் விரல் பழக்கத்தில் தானாகப் போய் அமுக்கியது. பாதிப் பேச்சில் கைகள் மறைந்தன. மறுபடியும் வெள்ளை.

"நல்லா இருக்கும்மா" என்றார் மனதார. இனிமேல் வீடியோவில் இருப்பதை எழுத்திலும் போட்டுவிடும்படியும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

"இதுவரைக்கும் செஞ்சதெல்லாம்?"

"நான் பார்க்காததுக்கு நான் எப்படிம்மா மதிப்பு போடறது?"

அவள் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சரி சார் என்றாள். சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்து அவர் புன்னகைத்தார். அந்தக் கைகள் மறைந்த நொடியிலேயே அவள் முடிவெடுத்துவிட்டது அவருக்கு எங்கே தெரியப்போகிறது.

அறைக்கு வெளியே பிழைதிருத்தும் அக்கா தலையைத் தூக்கி, குடுத்தாராடி என்று கேட்டாள்.

"கேட்டுட்டேன்க்கா."

அலுவலக கேமராவை மேஜைமேல் வைத்தாள். அதன்மேல் அடையாள அட்டையைக் கழற்றி வைத்தாள். கேமராவை நிறுத்துகிற முக்காலி அவள் சொந்தக் காசில் வாங்கியது; தோளில் மாட்டிக்கொண்டாள். அம்மாவிடம் என்ன சொல்வது என்று பஸ்ஸில் யோசித்துக்கொள்ளலாம். வாசல் கதவோ தானாக மெல்ல மூடிக்கொள்கிற ரகம். அறைந்து சாத்தக்கூட வழியில்லை. முக்காலி இடித்துவிடாமல் ஒருக்களித்து வெளியே நடந்தாள்.