மிரெல்லா மறுத்த மார்க்குகள்

கத்தானியா பல்கலைக்கழகத்தில் எங்கள் சட்டப் படிப்புக்குத் தேர்வெல்லாம் வாய்மொழிதான். கதவு திறந்தே இருக்கும், யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம். அந்த ஜூலையில் கஸ்பாரே குசுமானோ அப்படித்தான் வந்தார். மலையோர ஊரில் இரும்புக்கடைக்காரர். மகள் மிரெல்லாவிடம் சொல்லாமல் பஸ் ஏறியிருக்கிறார். வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டு பொரிந்து தள்ளினார்.

"அந்த புரொபசருக்கு உதவியாளர் நீங்கதானே மேடம்? எம்பொண்ணுக்கு இது ஒண்ணுதான் பாக்கி. நாலு தடவை ஃபெயிலாக்கிட்டான் அந்த ஆளு. இன்னிக்கு எம்முன்னால ஆக்கட்டும், சட்டையைப் பிடிச்சிருவேன்."

ஃபெயிலா? எனக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருஷமாகப் பதிவேடு எழுதுகிறேன்; சட்டையைப் பிடிப்பதாகச் சொன்ன அப்பாக்கள் எத்தனையோ பேர், ஒருத்தரும் பிடித்ததில்லை. "சத்தம் போடாம பின்னால உக்காருங்க," என்று மட்டும் சொன்னேன்.

மிரெல்லா அவரைப் பார்க்கவில்லை. வாரிசுரிமை, அடமானம், எதைக் கேட்டாலும் தடங்கலில்லாமல் சொன்னாள். புரொபசர் லோ வெர்சோ கொட்டாவியை அடக்கிக்கொண்டார்.

"முப்பதுக்கு இருபத்தஞ்சு. வழக்கம்போல வேண்டாமா?"

"வேண்டாம் சார்."

பின்னால் நாற்காலி தடாலென்று விழுந்தது. "என்னது, வேண்டாமா?" என்று எழுந்து வந்தார் கஸ்பாரே. மிரெல்லாவின் முகம் வெளுத்துப்போயிற்று.

"நீங்க யாரு?" என்றார் புரொபசர்.

"அவ அப்பன். இவ பாஸா?"

"பதினெட்டு வந்தாலே பாஸ்தான். போன நாலு தடவையும் பாஸ். கூடுதலா வேணும்னா மார்க்கை மறுத்துட்டு மறுபடி வரலாம், அது அவங்க உரிமை. உங்க பொண்ணு நாலையும் மறுத்தாச்சு."

கஸ்பாரே மகள் பக்கம் திரும்பினார். "இன்னும் எவ்வளவு மார்க்குதான் வேணும் புள்ள உனக்கு?"

"மார்க்குக்காக இல்லப்பா," என்றாள். "இதை முடிச்சா ஊருக்கு வரணும். சித்தப்பாவோட வக்கீல் ஆபீஸ்ல நாற்காலி போட்டு வச்சிருக்கீங்க. எனக்கு அங்க வரப் பிடிக்கல. உங்ககிட்ட அதைச் சொல்ல தைரியம் இல்ல. ஃபெயிலாயிட்டேன்னு சொல்றது சுலபமா இருந்துச்சு."

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த ஆளைக் கூப்பிடலாமா?" என்றார் புரொபசர்.

"கொஞ்சம் பொறுங்க சார், ஒண்ணும் குடிமுழுகிப் போயிடாது," என்று வெடித்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஒவ்வொரு தடவையும் நீ ஃபோனை வச்சதும் கடைக்குள்ள போயி அழுதேன் புள்ள," என்றார் கஸ்பாரே. "எம்பொண்ணுக்குப் படிப்பு ஏறலியே, நாம ஒழுங்கா வளக்கலியோன்னு. வரப் பிடிக்கலேன்னா வராத. ஆனா பாஸ் பண்ணிட்டு வராம இரு."

மிரெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "இருபத்தஞ்சையே போட்டுக்குங்க மேடம்."

எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள், கடைசித் தேர்வும் முடிந்தது. கஸ்பாரே அந்தக் கையெழுத்தைக் குனிந்து பார்த்தார்.

"மூணு மணிக்கு பஸ்ஸு," என்றார். "டிக்கெட்டு ஒண்ணு போதும், இல்ல?"

"போதும்ப்பா," என்றாள்.