இருபத்து மூன்று பேர் குடியிருந்த வீடு

சென்னை வரைபடத்தில் மந்தைவெளிக்கு மேல் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. அது எங்கள் வீடு. மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை, ஒரு ஹால். இந்த வீட்டில் ஒன்பது வருஷத்தில் இருபத்து மூன்று பேருக்குப் புற்றுநோய் வந்திருப்பதாகப் புள்ளி சொன்னது. இங்கே இருப்பது நானும் என் மனைவி பங்கஜமும்தான். இரண்டே பேர் சேர்ந்து இவ்வளவு பெரிய எண்ணிக்கையைக் காட்டுவதற்குத் தனித் திறமை வேண்டும்.

புள்ளியைக் கொண்டு வந்தவள் சிந்து. பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள். நோயாளிகளின் பெயர் இல்லாமல், வயது, ஆணா பெண்ணா, என்ன நோய், எந்த முகவரி என்ற விவரங்களை மட்டும் புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து முறைப்படி அனுமதி வாங்கி எடுத்திருந்தாள். சனிக்கிழமை காலை, தண்ணீர் பிடிக்க நான்கு பாட்டிலோடு வந்து நின்றாள்.

"சார், உங்க வீட்டுத் தண்ணி எப்படி?"

நேரான கேள்விக்கு நேரான பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. தி. நகரில் முப்பது வருஷம் ஜவுளிக்கடை வைத்திருந்தவன் நான்.

"போர் தண்ணிம்மா. ஒருதடவை சிவப்புச் சேலைய முக்கினேன், பச்சையா வந்துச்சு. தீபாவளிக்குப் புதுரகம்னு வித்துட்டேன்."

அவள் எழுதிக்கொண்டாள். நான் சொல்வதை ஒருவர் எழுதிக்கொண்டால் எனக்கு உற்சாகம் பிறந்துவிடும். மொட்டைமாடி செல்போன் டவருக்குப் பக்கத்தில் வைத்தால் அடுப்பில்லாமல் இட்லி வேகும் என்றேன். இந்தக் கட்டடத்தில் உட்கார்ந்த புறா அதற்கப்புறம் பறக்காது, படியிறங்கி நடந்துதான் போகும் என்றேன். எல்லாவற்றையும் எழுதினாள்.

கதவு திறந்திருந்ததால் இதெல்லாம் மாடிப்படியில் ஒலித்திருக்கிறது. கீழ்வீட்டு விஜயராகவன், எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர், மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"ஓய் வைரவன்! தண்ணிங்கறீர், டவருங்கறீர்! எங்காத்துல மூணு வேளையும் அந்த ஜலத்தைத்தானே குடிச்சிண்டிருக்கோம்! எனக்கு நேத்திலேர்ந்து இடுப்பு வலிக்கறதுங்காணும்!"

"பயப்படாதீங்க சார்" என்றாள் சிந்து. "திங்கட்கிழமை கமிட்டி முன்னாடி இதை வைக்கப் போறேன். நாலு வருஷ உழைப்பு. இந்தப் புள்ளி நிஜம்னா காரணத்தைக் கண்டுபிடிச்சே ஆகணும். தப்புன்னா மொத்த வரைபடத்தையும் தூக்கிப் போட்ருவாங்க. அப்புறம் பட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

சொல்லும்போது அவள் விரல் அந்தப் புள்ளி மேலேயே இருந்தது. எனக்கு மனசாட்சி கொஞ்சம்தான் உண்டு. அந்தக் கொஞ்சம் விழித்துக்கொண்டது.

"இரும்மா. உண்மையச் சொல்லிடறேன். இவங்க யாரும் இந்த வீட்டுக்காரங்க இல்ல."

எங்கள் ஊர் தெற்கே, தேரிக்காட்டுப் பக்கம். அங்கிருந்து வைத்தியத்துக்குச் சென்னை வருகிறவர்கள் எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். ஆஸ்பத்திரிப் படிவத்தில் முகவரி கேட்டால் எங்கள் கதவு எண்ணை எழுதுவார்கள். அண்ணாச்சி வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு வேறு விலாசம் கொடுப்பது அண்ணாச்சிக்கு அவமரியாதை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சிந்து பேனாவை மூடினாள். "சார், டவர்ல இட்லி வேகும்னு கூட எழுதிக்கிட்டேன். இந்த ஹால்ல இருபத்து மூணு பேர் வந்து தங்கினாங்கங்கறதை மட்டும் நம்ப மாட்டேன்."

வாழ்நாளில் நான் உண்மை பேசிய சில தருணங்களில் இது ஒன்று. அதற்கு இந்த மரியாதை.

"பட்டியலை வாசி, ஆளைச் சொல்றேன்."

"ஆண், அறுபத்திரண்டு, வயிறு, 2018."

"குறட்டை மாமா."

"அந்த மனுஷரா!" என்று குதித்தார் விஜயராகவன். "மோட்டார் ஓடறதுன்னு நெனச்சு நான் ரெண்டு தரம் கீழே போய் சுவிட்சை அணைச்சேனே! ஆமாம்மா, இவர் சொல்றது வாஸ்தவம். மாசம் ஒரு புது மொகம் படியேறும். நான் கல்யாணப் புரோக்கர் தொழில்னு நெனச்சுண்டிருந்தேன்."

அடுத்தது பெண், நாற்பத்தேழு, கர்ப்பப்பை. அந்த வரிக்கு எதிரே 'தொடர்பு இல்லை' என்று இருந்தது. படிவத்தில் கொடுத்த போன் எண் எங்கள் கடை எண். கடையை மூடியதும் அந்த எண்ணும் போய்விட்டது. ஆள் யாரென்று எனக்குத் தெரியும், என் கைபேசியில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணாச்சி! நல்லா இருக்கியளா? மதினி எங்க? முருங்கக்கா பறிச்சிக்கிட்டு நிக்கேன், அரமணி கழிச்சிக் கூப்பிடுதேன்!"

வைத்துவிட்டாள். சிந்து அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவைத் திறந்தாள்.

மத்தியானம் வரை வரிசையாகக் கூப்பிட்டோம். பதினைந்து பேர் எடுத்தார்கள். ஏழு பேரைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் போயிருக்கிறேன். தேதியை மட்டும் சொன்னேன். அப்போது நான் வேறெதுவும் சேர்க்கவில்லை.

"கடைசி ஒண்ணு" என்றாள் சிந்து. "இதுதான் முதல்ல பதிவானது. பெண், ஐம்பத்தெட்டு, மார்பகம்."

"ஞாபகம் இல்ல. அதையும் ஊர்க் கணக்குல தள்ளிடும்மா."

அடுக்களையிலிருந்து பங்கஜம் கரண்டியோடு வந்தாள்.

"ஞாபகம் இல்லியாமே! அது நாந்தாம்மா. எந்த வரிசையில நிக்கணும், டாக்டர்ட்ட எதக் கேக்கணும், முடி கொட்டினா எப்பம் திரும்ப வரும், எல்லாம் நான் பட்டுத் தெரிஞ்சிக்கிட்டது. அதக் கேக்கத்தான் ஒவ்வொருத்தரா வந்தாக. இவுக மொகத்துக்காக ஒருத்தரும் வரல."

நான் ஒரு வாய் தண்ணீர் குடித்து இருமினேன். தண்ணீரில் கோளாறு என்று சொல்லிவிட்டேன்.

"அம்மா, நோய் வந்தப்ப நீங்க இந்த ஊர்ல ஒரு வருஷத்துக்கு மேல இருந்திருக்கணும். அப்பதான் சென்னைக் கணக்கு."

"இவுகளோட நாப்பத்து நாலு வருஷம் இருக்கேன். போதுமா? மத்தவகள அவுக அவுக ஊருக்கு அனுப்பு. என்னைய இங்கேயே வை."

சிந்து மடிக்கணினியில் இருபத்திரண்டு பேரைத் தெற்கே அனுப்பினாள். மந்தைவெளியில் புள்ளி கடுகளவாகச் சுருங்கியது. விஜயராகவனுக்கு இடுப்பு வலி போய்விட்டது.

"கண்டுபிடிப்பு போச்சு" என்றாள் சிந்து. ஆனால் முகம் அப்படிச் சொல்லவில்லை. "பரவால்ல. காணாமப் போனவங்க கிடைச்சாங்க. வரைபடம் எங்க தப்பாகும்னு கமிட்டிக்கு நானே சொல்லிடுவேன். மத்தப் புள்ளியெல்லாம் சரியா இருந்தா போதும். கே.கே. நகர்ல இதே மாதிரி பெருசா இன்னொண்ணு இருக்கு, அங்க தொழிற்சாலை ஏதாவது…"

"எந்தத் தெரு?"

சொன்னாள்.

"அது என் மூத்தவன் வீடு. இங்க இடம் நெறைஞ்சா அங்க அனுப்பிடுவோம்."

சிந்து மெதுவாக நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தாள்.

"அடையாறு?"

"ரெண்டாவது பொண்ணு."

அவள் என்னிடம் கேட்கவில்லை. பங்கஜத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. உங்களுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைங்க?"