முதுகில் இரண்டு மேடுகள்

லாரி டயரைத் தனியாளாகக் கழற்றி மாட்டுகிற மனிதர் அவர். பஞ்சர் கடையில் அவர் தோளைப் பார்த்தே பாதிப் பேர் பேரம் பேசமாட்டார்கள். ஆனால் ஊசி என்றால் மட்டும் ஒரே ஓட்டம். சின்ன வயதில் தடுப்பூசிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்த கதையை அவர் மனைவி, கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறாள். அப்பேர்ப்பட்டவர் கையில் ஊசியைக் கொடுக்கிற நாளும் வந்தது.

மகளுக்கு வயது ஒன்பது. வீட்டில் பட்டாசு என்று கூப்பிடுவார்கள். பிறக்கும்போதே அவள் முதுகில் இடது தோளிலிருந்து இடுப்புவரை பெரிய கறுப்பு மச்சம். வெயில் வந்தால் அரித்துத் தள்ளும். சொறிந்தால் தோல் வெடித்துப் புண்ணாகும். "இதை எடுத்துட முடியாதா?" என்று முதலில் கேட்டவளே அவள்தான்.

டாக்டரம்மா காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். மச்சத்துக்குப் பக்கத்திலுள்ள நல்ல தோலுக்கடியில் இரண்டு சிலிக்கான் பைகளை வைப்பார்கள். வாரம் ஒருமுறை ஊசியால் கொஞ்சம் உப்புநீர் ஏற்றினால் பை உப்பும், மேலே தோலும் வளரும். மூன்று மாதம் கழித்துப் பையை எடுத்து, மச்சத்தை வெட்டி, வளர்ந்த தோலை இழுத்து மூடித் தைத்துவிடலாம்.

"உங்க வீடு தூரம். நர்ஸ் கத்துக் கொடுப்பாங்க, வீட்லயே தண்ணி ஏத்திடலாம். யார் கத்துக்கிறீங்க?"

"இவருதான்," என்றாள் மனைவி சட்டென்று. "தினமும் டயருக்குக் காத்தடிக்கிற கை."

அவர் நாற்காலியை ஓரடி பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

பைகள் வைத்த புண் ஆறி, நர்ஸ் முன்னால் இரண்டு வாரம் பழகி, வீட்டில் முதல் ஊசி. நாலு தடவை கை கழுவி உறை மாட்டிக்கொண்டார். மரத்துப்போகவைக்கிற களிம்பு தடவியாயிற்று. பட்டாசு குப்புறப் படுத்து, எதிரிலிருந்த பீரோக் கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா! அப்பா கண்ணை மூடிட்டாரு!"

"எங்கடி மூடினேன்?"

"அப்போ எத்தனை விரல் காட்டறேன், சொல்லு?"

"மூணு."

"நான் காட்டவே இல்ல!"

அடுப்படியிலிருந்து மனைவி சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துவிட்டார். சிரித்தபடியே கண்ணை நன்றாகத் திறந்துகொண்டார். ஊசி சரியான இடத்தில் இறங்கியது. தண்ணீர் மெல்ல மெல்ல ஏறியது.

"அப்பா, இழுக்குது."

உடனே நிறுத்தினார். மேட்டின்மேல் விரலால் அழுத்திப் பார்த்தார். வெளுத்த தோல் மறுபடி சிவந்தது. "இன்னிக்கு இது போதும்டா," என்றார், ஏதோ பிறவியிலேயே நர்ஸ் மாதிரி.

வாரம் ஏற ஏற மேடுகளும் ஏறின. பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களிடம் "இறக்கை முளைக்குது" என்று சொல்லிவைத்தாள் பட்டாசு. ஆண்டு விழா நாடகத்துக்கு ஒட்டகம் வேண்டுமென்று டீச்சர் கேட்டபோது, அவளே கையைத் தூக்கினாள். மனைவி பதறிப்போய் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"குதிக்காம, யார் மேலயும் இடிக்காம நடந்தா சரி," என்றார் டாக்டரம்மா.

ஒட்டகம் மேடையில் ராஜநடை நடந்தது. ராஜா வேஷம் போட்டவனை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம். நாற்காலி காலியாக இருந்தும் அவர் உட்காரவில்லை. டாக்டரம்மா வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். இடுப்புக்கு மேலே ஒரு பட்டை மட்டும் பாக்கி. அதற்குத் தோல் போதவில்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். நல்ல சேதிதான். இருந்தாலும் குழந்தையிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்டாள்: "போயிடுச்சாப்பா?"

"முக்கால்வாசி போயிடுச்சுடா. கொஞ்சூண்டு இருக்கு. அடுத்த வருஷம்…"

"திரும்பவும் பை வைப்பாங்களா?"

"ஆமாண்டா."

பட்டாசு அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். "அப்பவும் நீதான் ஊசி போடணும். அம்மா வேணாம், அவசரக்காரி."

அவர் வாசலுக்கு விரைந்து, காபி வாங்கி வந்த மனைவியை வழியிலேயே மறித்தார். "கேட்டியா? என்னைத்தான் போடச் சொல்றா!"

"சரி சரி, காபி கொட்டுது," என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.