எஞ்சின் மாற்றிய கார்

கணவர் இறந்த நாளிலிருந்து மூன்று வருடம் இரண்டு மாதம் அண்ணி ஒரு நிமிடம்கூடத் தூங்கவில்லை. கொட்டாவிகூட விட்டதில்லை. டாக்டர்கள் நம்பவில்லை, இரண்டு நர்சுகளை மாற்றி மாற்றிக் காவல் வைத்த பிறகு நம்பினார்கள். வெளியூர் ஆஸ்பத்திரியில் வைத்தியம் உண்டு, இல்லையென்றால் இந்த வருடம் தாண்டாது என்றார்கள். அதற்காகத்தான் லிஃப்ட் மெக்கானிக்கான கொழுந்தன் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை விற்க முடிவு செய்தான். நாற்பது வருடக் கார், இரண்டே சீட், ஒரு கீறல் கிடையாது. கல்யாணப் பேச்சை எடுத்தவர்களுக்கெல்லாம் அவன் அதைத்தான் காட்டி, இது போதும் என்பான். ஒரே குறை, எஞ்சின் அதனுடையதல்ல. பழையது வெடித்துப்போயிருந்ததால், அண்ணன் இறந்த கையோடு அவர் ஓட்டிய டெலிவரி வேனின் எஞ்சினைக் கழற்றி இதில் மாட்டிவிட்டான். வேனைப் பழைய இரும்புக் கடையில் போட்டதாக அண்ணியிடம் சொல்லியிருந்தான். அந்தப் பொய்க்குப் பயந்து காரை ஊர்க்கோடி ஷெட்டிலேயே வைத்திருந்தான்.

வாங்க வந்த பல் டாக்டரோ, விற்பவர் வீட்டைப் பார்க்காமல் வண்டி வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு வீட்டு வாசலில் வைத்துச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் இரண்டு தடவை இழுத்து, புஸ்ஸென்று விட்டு, மறுபடி இழுத்தது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அண்ணியின் கையிலிருந்து வாளி நழுவியது.

"தம்பி, இது உங்க அண்ணன் குறட்டை!"

கொழுந்தன் திக்கித் திணறி உண்மையைச் சொன்னான்.

"மூணு வருஷமா அவரை ஷெட்டுலயா தூங்க வச்சீங்க?" என்று கேட்ட அண்ணி, பதிலுக்குக் காத்திராமல் ஈரத் துணியோடு படியில் சாய்ந்து தூங்கிப்போனார். பதறிய பல் டாக்டர் எஞ்சினை நிறுத்தினார். அண்ணி விழித்து எரிந்து விழுந்தார். மறுபடி சாவி, மறுபடி தூக்கம். மூன்றாவது தடவை பல் டாக்டர் சாவியைக் கழற்றிக் கொழுந்தன் கையில் வைத்தார்.

"எஞ்சின் இல்லாம குடுங்க, போதும்" என்றார்.

கார் படுக்கையறைக் கதவுக்குள் நுழையாது என்பதால் கொழுந்தனும் சம்மதித்தான். எஞ்சினைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மர பெஞ்சில் வைத்தார்கள். கார் லாரியில் ஏறிப் போனது. தெருமுனை வரை அவன் கூடவே நடந்தான், அழுதான். எஞ்சினுக்கோ பெட்ரோலும் இல்லை, பேட்டரியும் இல்லை. அண்ணி தலை சாய்த்தால் எஞ்சின் தானாக ஓடும்.

முதல் வாரம் முழுக்க அவன் லீவு போட்டுவிட்டு, பயத்தில் கதவருகிலேயே உட்கார்ந்திருந்தான். ஒரு மதியம் ஜன்னல் கண்ணாடி அதிரும்படி சத்தம் ஏறியது. அண்ணி கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி எஞ்சினை இரண்டு தட்டு தட்டினார்.

"திரும்பிப் படுங்க."

எஞ்சின் பெஞ்சில் மெல்லப் புரண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, சத்தத்தைக் குறைத்துக்கொண்டது. கொழுந்தன் எழுந்து, கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போனான்.