டாக்டர் ராய்சினின் தலை

ஸ்டாமென் ஆடியது மூன்றாம் மாடியில். விழுந்தது இரண்டாம் மாடி விளக்கு.

நியாயமாகப் பார்த்தால் அவர் மெதுவாகத்தான் ஆடினார். ரூசே நகரில், மேலே மின்கம்பியைத் தொட்டபடி போகும் டிராலி பஸ் ஓட்டுகிற, தொப்பை முன்னே போய் வழி கேட்கிற ஒரு மனிதர், அடுப்புக்கும் மேஜைக்கும் நடுவே எவ்வளவுதான் குதித்துவிட முடியும்? ஆனால் அது கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய பழைய குடியிருப்பு. மேல்வீட்டில் ஒருவர் தும்மினால் கீழ்வீட்டிலிருந்து 'நல்லா இருங்க' என்று வாழ்த்து வரும். ஹோரோ ஆட்டத்தின் கடைசிக் குதிப்பில், கீழ்வீட்டு கெரானாவின் கண்ணாடி விளக்கு கொக்கியோடு கழன்று அவருடைய பீன்ஸ் சூப்புக்குள் இறங்கிவிட்டது.

சூப் சொட்டும் விளக்கைக் கையில் பிடித்தபடியே கெரானா படியேறி வந்தார்.

"ஸ்டாமென் அண்ணே, மேல என்ன கரடி வளக்கிறீங்களா?"

"நான்தாம்மா. ஆடிக்கிட்டிருந்தேன்."

"தனியாவா? ஹோரோன்னா பத்துப் பேர் கைகோத்து ஆடணும். நீங்க யார் கையைப் பிடிச்சீங்க?"

"ஃபிரிட்ஜோட கையை."

கெரானா சிரிப்பை அடக்க விளக்கை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். "என்ன கொண்டாட்டமோ?"

"சர்க்கரைம்மா. சாப்பிட்டா ஏறுது. சாப்பிட்டதும் ஆடலாமான்னு டாக்டரைக் கேட்டேன்."

"ஆடச் சொன்னாரா?"

"தலையை ஆட்டினார்."

சிக்கலே அந்தத் தலையில்தான். ரூசேயில் தலை பக்கவாட்டில் ஆடினால் ஆமாம். மேலும் கீழும் போனால் இல்லை. கைக்குழந்தைக்கும் தெரியும். டாக்டர் ராய்சின் பதினைந்து வருடம் ஜெர்மனியில் இருந்தவர். அங்கே எல்லாம் நேர் எதிர். ஆள் ஊர் திரும்பிவிட்டார், தலை மட்டும் இன்னும் எல்லையில் நின்றுகொண்டிருந்தது. எதைக் கேட்டாலும் பக்கவாட்டிலும் சேராமல் மேல்கீழிலும் சேராமல் ஒரு சுற்று சுற்றும். ஆடலாமா என்று கேட்டபோது ஒரு சுற்று. ரொட்டியை அடியோடு விடணுமா என்றபோது ஒரு சுற்று. கடைசியாக, "இப்படியே போனா இன்சுலின் ஊசிதானா?" என்று கேட்டபோதும் அதே சுற்று. வாசலில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். ஸ்டாமென் புரிந்தவர்போல நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

ஊசி ஆரம்பித்துவிட்டால் பெரிய வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று டிப்போவில் ஒரு பேச்சு உண்டு. மனைவி போனபிறகு அவரோடு பேச மிச்சமிருந்தது அந்த டிராலியும் அதில் ஏறித் திட்டுகிற பயணிகளும்தான்.

"ஆக, நீங்க இனிமே ஆடப் போறீங்களா இல்லையா?" என்றார் கெரானா. "அது தெரியாம நான் எப்படிப் புது விளக்கு மாட்டறது?"

"எனக்கே தெரியலையேம்மா."

"அப்ப கண்டுபிடிங்க. குத்திப் பாக்கற மெஷின் வச்சிருக்கீங்கல்ல?"

அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் அதே ஆராய்ச்சி. மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டார், சாப்பாட்டில்தான் வேடிக்கை. முதலில் பழைய வழக்கப்படி: உட்கார்ந்ததும் வெள்ளை ரொட்டி, பிறகு சூப், பிறகு சோபா. இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்தினால் பதிமூன்று, நம்மூர்க் கணக்கில் இருநூற்று முப்பதுக்கு மேல். பத்தைத் தாண்டினாலே டாக்டர் உதட்டைப் பிதுக்குவார்.

அடுத்த நாள் அதே சாப்பாடு, தலைகீழாக. வெள்ளரியும் தக்காளியும் வெண்ணிறப் பாலாடைக்கட்டியும் முதலில், சூப் அடுத்து, ரொட்டி கடைசியில் ஒரே துண்டு. பதினொன்று.

"வயித்துக்குள்ள போனா எல்லாம் கலந்துதானே போகுது?" கெரானாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "வரிசைக்கு அங்கே என்ன மரியாதை?"

ஸ்டாமெனுக்கும் அது உறுத்தியது. மறுநாள் மார்க்கெட் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தியபோது, பை நிறையக் காய்கறியோடு நாலு பெரியம்மாக்கள் ஏறி வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பின்னால் பாய்ந்து வந்த காலேஜ் பையன்கள் ஒவ்வொருத்தனாக ஒதுங்கி ஒதுங்கித்தான் ஏற முடிந்தது. ஸ்டாமென் ஸ்டியரிங்கில் தட்டினார். சாயங்காலம் வந்ததும் நேரே கெரானாவின் கதவைத் தட்டினார்.

"காயெல்லாம் பெரியம்மாங்க கெரானாம்மா! ரொட்டிதான் அந்தப் பசங்க. பெரியம்மாங்க முன்னாடி ஏறிட்டா, பசங்க முட்டிமோதி ஏற முடியாது!"

"அப்ப ஆட்டம்?"

அதற்கு அவரிடம் விளக்கம் இல்லை, மெஷினிடம் இருந்தது. கெரானாவின் கட்டாயத்தில் ஆட்டம் மூன்றாம் மாடியிலிருந்து முற்றத்துக்கு இறங்கியது. காய், சூப், ரொட்டி, உடனே கீழே இறங்கிக் கால் மணி நேரம் ஹோரோ. எட்டு. சந்தேகப்பட்டு இன்னொரு நாள் சாப்பாட்டுக்கு முன்னால் ஆடிப் பார்த்தார், அவ்வளவாக இறங்கவில்லை. மழை நாளில் குடையோடு நடந்தார். அதுவும் ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட சமமாகவே இறக்கியது. ஒரு நாள் கெரானாவும் கைகோத்துக்கொண்டார். ஃபிரிட்ஜின் கையைவிட அந்தக் கை சூடாக இருந்தது. அதை அவர் ஆராய்ச்சியில் சேர்க்கவில்லை.

மூன்று மாதச் சராசரி காட்டுகிற ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கப் போனபோது கெரானாவும் கூடவே வந்தார்.

"நீங்க யாரு, சம்சாரமா?" என்றார் டாக்டர் ராய்சின்.

"நான் கீழ்வீட்டு விளக்கு" என்றார் கெரானா.

டாக்டர் முடிவுக் காகிதத்தையும், சாப்பாட்டு வரிசையையும் ஆட்டத்தையும் ஸ்டாமென் குறித்து வந்திருந்த தாளையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். ஸ்டாமென் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"டாக்டர், எனக்கு ஊசியா?"

தலை அசைந்தது. பக்கவாட்டில் புறப்பட்டு, நடுவில் மனசு மாறி, கீழே இறங்கி, வழக்கமான அதே சுற்று. ஸ்டாமென் பழக்கதோஷத்தில் நன்றி சொல்லி எழுந்துவிட்டார். கெரானா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"டாக்டர் ஐயா, உங்க தலையால ஒரு விளக்கு போச்சு. இந்த மனுஷன் மூணு மாசமா தூங்கலை. தலையைக் கொஞ்சம் சுவத்துல சாச்சு வச்சுக்கிட்டு வாயால சொல்லுங்க."

ராய்சின் திகைத்துப்போய் இரண்டு கையாலும் தன் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் ஸ்டாமென். ஊசி வேண்டாம், நல்லாவே இறங்கியிருக்கு. மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க. வண்டி ஓட்டுங்க, ரொட்டியைக் கடைசியில சாப்பிடுங்க, சாப்பிட்டதும் ஆடுங்க. கீழே தரையில ஆடுங்க."