மன்னர் அழுத காட்சி

பள்ளியில் அவளை எல்லோரும் டைரக்டர் என்றே கூப்பிட்டார்கள். கேலியாகத்தான். அவளோ அதைப் பதவியாகவே எடுத்துக்கொண்டாள். விடுப்புக் கடிதத்தில்கூட 'இப்படிக்கு, இயக்குநர், பதினொன்றாம் வகுப்பு' என்றுதான் எழுதுவாள். கணக்கில் மூன்று பரீட்சையிலும் ஒற்றை இலக்க மதிப்பெண். ஏன் என்று கணக்கு ஆசிரியை கேட்டதற்கு, "டீச்சர், நான் இப்ப ஒரு பேரரசோட வீழ்ச்சியில மாட்டிக்கிட்டிருக்கேன். கணக்கை அடுத்த மாசம் பாத்துக்கறேன்" என்றாள்.

வீழ்ச்சி என்றது, அவள் எடுத்துக்கொண்டிருந்த படத்தை. நாட்டை இழந்த ஒரு மன்னரின் கதை. மன்னராக நடிக்க ஒருவரும் வரவில்லை. கடைசியில் அப்பாவைப் பிடித்தாள். அவர் அதே பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். குடுவை கழுவுவார், அமிலப் புட்டிகளை அடுக்குவார், உடைந்த கண்ணாடியைப் பெருக்குவார். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனிதர்.

"எனக்கு நடிப்பெல்லாம் வராதும்மா."

"நடிக்க வேண்டாம்ப்பா. எல்லாம் போச்சுன்னு நினைச்சுக்கிட்டு உக்காருங்க. போதும்."

ஜன்னல் திரையைப் போர்த்தி, அட்டைக் கிரீடம் வைத்து, காலி ஆய்வகத்தில் அவரை உட்கார வைத்தாள். கைப்பேசியில் பதிவு ஓடியது. அப்பா கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள் குலுங்க, மூக்கொழுக அழுதார். விக்கலே வந்துவிட்டது. அம்மா இறந்து இரண்டு வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. கைப்பேசியை ஆடாமல் பிடிக்கப் படாத பாடு பட்டாள். இதைப் பார்த்த பிறகு எவன் கேலி செய்வான் என்றும் நினைத்தாள்.

ஆண்டு விழாவில் படத்தைப் போட்டார்கள். மன்னர் தலையைக் காட்டியதுமே, "டேய், நம்ம லேப் அண்ணன்டா" என்று ஒரு குரல். அரங்கமே சிரித்தது. அழுகைக் காட்சியில் விக்கலுக்கு விக்கல் கைதட்டினார்கள். கணக்கு ஆசிரியைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

தலைமையாசிரியர் மேடையேறினார். "இப்படி வயிறு வலிக்கச் சிரிச்சு எத்தனை நாளாச்சு. இந்த வருஷத்தோட சிறந்த காமெடிப் படம் இதுதான்" என்று கோப்பையை நீட்டினார்.

அது சோகப் படம் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். கீழே, சுவரோரமாக அப்பா நின்றிருந்தார். எல்லோரும் சிரித்ததால் அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் கோப்பையை வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

வீட்டில் வெகுநேரம் கழித்து, "அது சிரிக்கற படம் இல்லப்பா" என்றாள்.

"தெரியும்மா." சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "உனக்குப் பரிசு குடுத்தாங்கல்ல. விடு."

அவள் படத்தை அழித்தாள். அதற்குள் அது ஊர்ப்பட்ட கைப்பேசிகளுக்குப் போயிருந்தது.

திங்கட்கிழமை ஆய்வக வாசலில் கூட்டம். "அண்ணே, ஒரே ஒரு தடவை அந்த அழுகை" என்று பையன்கள் கெஞ்சினார்கள். அவள் ஓடிப்போய், "வேண்டாம்ப்பா" என்றாள். அப்பா அவளைப் பார்த்தார். தன்னால் மகளின் படத்துக்குக் கெட்ட பேர் வந்துவிடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, தோளைக் குலுக்கி, முகத்தைக் கோணி, விக்கலோடு அழுது காட்டினார். அப்படியே அச்சு அசலாக இருந்தது. பையன்கள் விசிலடித்தார்கள்.

மணி அடித்ததும் கூட்டம் கலைந்தது. அப்பா தொட்டிப் பக்கம் திரும்பிக் குடுவைகளைத் தேய்க்கத் தொடங்கினார். முதுகு குலுங்கியது. தேய்ப்பதால்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. கணக்கு வகுப்புக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.